மகனே, சுடுகாட்டுச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது

மகனே,

நான் மாடியிலிருந்து கீழே இறங்கி வந்ததற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். பால்காரரிடம் சொல்லியிருக்கிறாய், உன் மாமனார் வீட்டில் சொல்லியிருக்கிறாய், டீக்கடையில் விசாரித்தவர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறாய். என் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ஷூ கம்பெனியில் வருஷக்கணக்காகத் தையல் மெஷின் மிதித்த கால் அது. நீ கட்டிய மாடிப்படிகளை ஏறி இறங்க அதற்கு இன்னும் தெம்பு உண்டு. நான் இறங்கி வந்ததற்குக் காரணம் நீ. அதை நம் இருவருக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீ செய்ததை நாலு பேர் நடுவில் செய்தாய். என்னைப் பற்றிய பொய்யையும் நாலு பேர் நடுவில்தான் சொல்கிறாய். அதனால் இந்தக் கடிதத்தையும் நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். ஒரே காம்பவுண்டுக்குள் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற நிலைமை எந்தத் தாய்க்கும் வர வேண்டாம்.

கீழ் வரிசையில் நான் இப்போது இருக்கிற இந்த அறையில்தான் சுக்ராவும் அவன் மனைவியும் வாடகைக்கு இருந்தார்கள். உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜார்க்கண்டில் ஏதோ மலையடிவாரத்து ஊர் அவர்களுக்கு. அவன் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் வார்க்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். அவள் பெயர் பூல்மணி. நம் தெருப் பெண்கள் அவள் வந்த வாரமே அவளைப் பூமணி ஆக்கிவிட்டார்கள். அவள் தமிழ் கற்றுக்கொண்டதே நம் குழாயடியில்தான். "தண்ணி வந்துச்சா?" என்பதுதான் அவள் முதலில் பேசிய தமிழ். அவளுக்குப் பிரசவ வலி கண்டபோது சுக்ரா ஷிஃப்டில் இருந்தான். காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். நீங்கள் யார் என்று அங்கே கேட்டார்கள். அம்மா என்று சொன்னேன். அப்படிப் பிறந்தவள்தான் ஆஷா.

அந்தக் குழந்தையை நீயும் தூக்கினாய். சாயங்காலம் நீ கேட்டுக்குள் வண்டியைக் கொண்டுவரும் சத்தம் கேட்டால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவாள். நீ அவளை டேங்க் மேல் உட்காரவைத்து ஹாரன் அடிக்க விடுவாய். மாமா என்கிற சொல் அவர்கள் பாஷையிலும் மாமாதானாம். அவள் உன்னை அப்படித்தான் கூப்பிட்டாள். உன் மகளின் பழைய சட்டைகளை என் மருமகள்தான் அவளுக்குப் போட்டுவிட்டாள். நீ கல்நெஞ்சக்காரன் இல்லை என்பது எனக்குத் தெரியும். கல்நெஞ்சக்காரனாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஜன்னி கண்டது. ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள், முடியவில்லை. காலையில் ஆட்டோவில் ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார்கள். சுக்ராவுக்கு அழக்கூடத் தெரியவில்லை. கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கான்ட்ராக்டருக்குப் போன் போட்டுப் பார்த்தான். அந்த ஆள் எடுக்கவில்லை. சின்னக் குழந்தையை எரிக்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை, மண்ணில்தான் வைக்க வேண்டும் என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, இங்க எங்க வைக்கறது?" என்று கேட்டான்.

நான் யோசிக்கவே இல்லை. "நம்ம சுடுகாட்லதான். இதுல கேக்கறதுக்கு இன்னா கீது" என்றேன். சுடுகாட்டு கேட்டின் சாவி உன்னிடம் இருக்கிறது என்பதால் உன்னைத் தேடி மாடிக்கு வந்தேன். அங்கே நீ எனக்குச் சொன்னதை எழுதுவதற்கு முன்னால், அந்தச் சாவி உன் கைக்கு வந்த வழியை எழுத வேண்டும். உனக்கு அது தெரியும். ஆனால் நீ மேடையில் சொல்கிற விதமாக இல்லாமல், நடந்தபடி எழுதுகிறேன்.

நான் இந்த ஊருக்கு வாழ வந்தபோது சுடுகாட்டுக்கு கேட்டும் கிடையாது, பூட்டும் கிடையாது. நமக்கு வழியே கிடையாது. பெரிய தெரு வழியாகப் போனால் நேராகப் போய்விடலாம். ஆனால் காலனிப் பிணம் பெரிய தெருவில் போகக்கூடாது. ஏரிக்கரையில் ஏறி, ஏரித் தண்ணீர் வழிந்தோடுகிற கலங்கலில் இறங்கி, வயல் வரப்போடு சுற்றிக்கொண்டு போக வேண்டும். உன் பெரியப்பா ஐப்பசி அடைமழையில் இறந்தார். கலங்கலில் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கினவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை கவிழ்ந்து உடல் தண்ணீரோடு போய்விட்டது. உன் அப்பா முழுகி முழுகித் தேடி, மடையோரம் முள்ளில் சிக்கியிருந்த அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். மாலைகள் மட்டும் தனியாக மிதந்து போனதைக் கரையில் நின்ற பெண்கள் நாங்கள் பார்த்தோம்.

அடுத்த சாவு பெரிய தெரு வழியாகத்தான் போகும் என்று காலனி அன்றைக்கு முடிவெடுத்தது. அது யாருடைய சாவு என்று யாருக்குத் தெரியும்? நம்முடையதாகவும் இருக்கலாம் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் நினைத்துக்கொண்டோம். களையெடுக்கப் போகிற பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருந்த கன்னியம்மாதான் அடுத்தது. பெரிய தெரு முனையில் மறித்தார்கள். கம்பு வந்தது. உன் அப்பாவுக்குக் காதோடு சேர்த்து ஒரு அடி விழுந்தது. அதற்குப் பிறகு இடது பக்கம் நின்று பேசினால் அவருக்குக் கேட்காது என்பதை நீ பார்த்தே வளர்ந்தாய். போலீஸ் வந்து நம் ஆண்களைத்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் கன்னியம்மாவை நடுத்தெருவில் இறக்கிவைத்துச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். நான், உன் செல்வி பெரியம்மா, இன்னும் சிலர்.

"ஏன், உங்க வூட்ல ஆம்பள இல்லியா? பொம்பளைங்கள தெருவுல உட்டுட்டு எங்க பூட்டானுங்க?" என்று வீட்டு வாசல்களிலிருந்து கேட்டார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை. மழை விட்டு நல்ல வெயில். தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த நடேசன் பெரிய தெருக்காரர்தான். அவர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு கடை மேல் கிடந்த தார்ப்பாயை அவிழ்த்து வந்து எங்கள் தலைக்கு மேல் கட்டினார். அவருடைய பங்காளிகளே வந்து சத்தம் போட்டார்கள். "வெயில் அடிக்குது. அதான் கட்றேன்" என்றார். அதற்கப்புறம் பெரிய தெருவில் ஒருத்தரும் அவர் கடையில் பஞ்சர் ஒட்டவில்லை. கொஞ்ச நாளில் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார்.

மறுநாள் தாசில்தார் வந்து பேச்சுவார்த்தை வைத்தார். பெரிய தெருப் பெரியவர் ஒருவர் எழுந்து கையைக் கூப்பிக்கொண்டு ரொம்பத் தன்மையாகச் சொன்னார்: "நாங்க யாரையும் வேணாம்னு சொல்லலிங்க. அவங்களுக்குன்னு வழி கீதுங்களே. அத வேணா நல்லா போட்டுக் குடுங்க." கம்பு வைத்து அடித்தவர்களைவிட அந்தத் தன்மையான பேச்சுதான் எனக்கு இன்றைக்கும் கொதிக்கிறது. இது சர்க்கார் போட்ட ரோடு, நடக்கிறவன் எல்லோருக்கும் சொந்தம் என்று தாசில்தார் சொல்லிவிட்டார். அன்றைக்குப் போலீஸ் காவலோடு கன்னியம்மா பெரிய தெருவில் போனாள். இரண்டு பக்கமும் கதவெல்லாம் சாத்தியிருந்தது. பிறகு ஒவ்வொரு சாவாக, ஒவ்வொரு கதவாகத் திறந்தது. உன் அப்பா போனபோது பெரிய தெருவில் சிலர் வாசலுக்கு வந்து கும்பிட்டார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தவன் நீ. அவர்கள் கும்பிட்டதை நீ பார்த்தாய்.

இப்படி ஒன்றைக் கஷ்டப்பட்டு வாங்கினவர்கள் அடுத்தவருக்கு அதை மறுக்கமாட்டார்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்குப் போன பிறகுதான் அந்த நம்பிக்கையில் முதல் விரிசல் விழுந்தது. ஆரம்பத்தில் எங்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. லாரியைக் கைகாட்டி நிறுத்திப் போயிருக்கிறோம். சேர்ந்து நின்று கேட்டு பஸ் வாங்கினோம். பிறகு நாங்கள் பர்மனென்ட் ஆனோம். கான்ட்ராக்டில் தெற்கத்திப் பெண் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஆட்களே முதல் ஸ்டாப்பில் ஏறிக் காலி சீட்டில் பையைப் போட்டு வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளை நிற்கவைத்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒரு நாள் கேட்டாள்: "ஏங்க்கா, நாங்களும் எட்டு மணி நேரம் நின்னுதான வேல பாக்கோம். எங்க காலு என்ன மரக்கட்டையா?" யாரும் பையை எடுக்கவில்லை. லாரியில் தொங்கிக்கொண்டு போன அதே பெண்கள்தான். துன்பப்பட்டவர்களுக்குத் துன்பம் புரியும் என்பது பொய் மகனே. சிலருக்குப் புரியும். பலருக்கு அது எப்படா முடியும், எப்படா மறக்கலாம் என்றுதான் இருக்கும். முடிந்ததும், தாங்கள் உட்கார்ந்த இடத்தை வேறு யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்கிற பயம் பிடித்துக்கொள்ளும். வழி கேட்ட ஜனங்களின் கதை எந்த ஊரிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது போலிருக்கிறது. உள்ளே விடுங்கள் என்று ஒன்றாக நின்று கேட்பார்கள். உள்ளே போனவர்களில் பாதிப் பேர் கதவைச் சாத்துகிற வேலைக்கு நிற்பார்கள்.

ஆனாலும் என் வீட்டில் அப்படி நடக்காது என்றிருந்தேன். நீ பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போனாய். வார்டு மெம்பர் தேர்தலில் நின்றாய். மேடையில் மைக்கைப் பிடித்து, "இந்த ரோட்டுக்காகத்தான் எங்கப்பா காது கேக்காம போச்சு" என்று நீ சொன்னபோது காலனியே கைதட்டியது. பின் வரிசையில் உட்கார்ந்து நானும் அழுதேன். அன்றைக்கே ஒன்று எனக்கு உறுத்தியது. வெயிலில் உட்கார்ந்திருந்த பெண்களை நீ சொல்லவில்லை. நடேசனையும் சொல்லவில்லை. சின்ன வயதில் தூங்கப் போகுமுன் தார்ப்பாய்க் கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பாய். நேரம் இல்லை போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ ஜெயித்தாய். சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் வந்தது, தண்ணீர்க் குழாய் வந்தது, இரும்பு கேட் வந்தது. பெரிய தெருவும் காலனியும் சேர்ந்து கமிட்டி போட்டீர்கள். சாவியை உன்னிடம் கொடுத்தார்கள். பெரிய தெருக்காரர்கள் நம்பிக் கொடுத்த சாவி என்று நீ பெருமையாகச் சொன்னாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சாவியைத்தான் ஆஷாவுக்காக வந்து கேட்டேன். கமிட்டிக்காரர்கள் நான்கைந்து பேர் உன் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நீ எழுந்து என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாய்.

"யம்மா, அவங்களுக்குன்னு வேற எடம் எங்கனா இருக்கும்மா. கான்ட்ராக்டர் பாத்துப்பான்" என்றாய்.

பெரிய தெருப் பெரியவரின் தன்மையான குரல் என் பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது. "வேற எடம் எங்கடா கீது? அது காஞ்சிபுரத்துல பொறந்து இந்த வூட்ல வளந்த கொழந்த. அத எந்த ஊருக்கு அனுப்பச் சொல்ற?"

"இன்னிக்கு ஒண்ண உட்டா நாளைக்கு இவனுங்க எல்லாம் வந்து நிப்பானுங்க. ஆயிரக்கணக்குல கீறானுங்க இந்தப் பக்கம். நம்ம சாவுக்கு எடம் இல்லாம பூடும்."

"மண்ணு இன்னாடா கொறஞ்சா பூடும்? ஒரு மொழம் குழி."

அப்போதுதான் உன் மனசில் இருந்தது வெளியே வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய்: "புரிஞ்சிக்கமா. பெரிய தெருக்காரங்க இப்பதான் நம்ம வூட்டு நாற்காலில வந்து உக்கார்றாங்க. நம்ம கையால காப்பி வாங்கிக் குடிக்கிறாங்க. வெளியூர் ஆள உள்ள உடக்கூடாதுன்னு அவங்க கறாரா கீறாங்க. இதுக்காகப் போயி அத கெடுத்துக்க சொல்றியா?"

"அவங்க உன் பக்கத்துல உக்கார்றதுக்கு நீ இன்னா குடுத்த?" என்று கேட்டேன். நீ திரும்பிக்கொண்டாய். ஹாலுக்குப் போய்விட்டாய். அங்கே யாரோ என்ன விஷயம் என்று கேட்க, "ஒண்ணுமில்ல, அம்மாக்கு கொஞ்சம் மனசு சரியில்ல" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. கீழே பூமணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாவி வரும் என்று உட்கார்ந்திருந்தாள்.

நான் செல்வி அக்காவிடம் ஓடினேன். நாம் நாலு பெண்கள் போய் கேட்டில் நிற்கலாம், யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றேன். கன்னியம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ விரட்டியவள் அவள். வாசலிலேயே நிறுத்திப் பேசினாள். "உம்புள்ள வாணாம்னு சொல்றான். எம்பேரனுக்கு கம்பெனில வேல வாங்கிக் குடுத்தவன் அவன். நான் எப்டி வந்து நிக்கறது? நீயே சொல்லு" என்றாள். அவளும் அழுதாள். ஆனால் வரவில்லை. இன்னும் இரண்டு வீட்டில் கேட்டேன். ஒரு வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். அன்றைக்குத் தெருவில் திரும்பி நடந்தபோது நடேசன் ஒருவரைத்தான் நினைத்துக்கொண்டேன். நமக்காகப் பெரிய தெருவிலிருந்து ஒருத்தராவது தார்ப்பாயோடு வந்தார். அவருக்கு அதில் என்ன லாபம்? கடை போனது. நம் காலனியிலிருந்து அந்தக் குழந்தைக்காக வர அப்படி ஒருத்தர் இல்லை.

மண்ணூரில் இருக்கிற உன் தாய்மாமனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "கொழந்தையாக்கா? எட்த்துகினு வா. குழி வெட்டச் சொல்றேன்" என்றான். யாருடைய குழந்தை, எந்த ஊர், என்ன ஜாதி என்று அவன் கேட்கவே இல்லை. சுக்ரா, பூமணி, நான், சுக்ராவோடு வேலை செய்கிற இரண்டு பேர், எல்லோரும் ஒரே ஆட்டோவில் போனோம். குழந்தையை நான்தான் மடியில் வைத்திருந்தேன். பூமணிக்குக் கையில் வலுவில்லை. நாங்கள் கிளம்பும்போது உன் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு புதுச் சட்டையைக் கொடுத்துவிட்டு ஏறிப் போனாள். நீ ஜன்னல் பக்கம்கூட வரவில்லை. மண்ணூர் காலனிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார்கள். பொம்பளைங்க வரக்கூடாது என்று யாரோ ஆரம்பித்தார்கள். உன் மாமன் அதட்டி நிறுத்தினான். சுக்ரா குழியில் இறங்கிக் குழந்தையை வாங்கிப் படுக்கவைத்தான். மூன்று பிடி மண் நானும் போட்டேன்.

மாசக் கடைசியில் அவர்கள் அறையைக் காலி செய்தார்கள். பூமணி அறையைக் கூட்டி, கழுவிவிட்டு, கொடியில் கிடந்த என்னுடைய துணிகளையும் மடித்துக் கொடுத்தாள். உன்னைப் பற்றி ஏதாவது திட்டுவாள், திட்டட்டும் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. "இந்த ஊரு நல்ல ஊருன்னு முன்னாடியே வூட்டுக்குப் போன் பண்ணி சொல்லிட்டேன் அம்மா. தங்கச்சிய கூட வரச் சொன்னேன்" என்றாள். அவர்கள் இப்போது மண்ணூர் பக்கமே ஒரு அறை எடுத்திருக்கிறார்கள். அவர்கள் போன அன்றைக்குத்தான் என் பாயையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இங்கே இறங்கி வந்தேன். நீயும் தடுக்கவில்லை. முழங்கால் வலி என்ற கதை மறுநாளே தயாராகிவிட்டது.

அதற்குப் பிறகும் உனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. குடியரசு தினத்து கிராம சபையில் நான் எழுந்து நின்றேன். நீ மேஜைக்குப் பின்னால் பஞ்சாயத்துத் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "இந்தப் பஞ்சாயத்துல வாடக குடுத்துகினு குடியிருக்கறவங்க செத்தா, நம்ம சுடுகாட்ல எடம் உண்டா இல்லியா? அத தீர்மானமா எழுதுங்க" என்று கேட்டேன். தலைவர் உன்னைப் பார்த்தார். உண்டு என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம், அதற்கும் ஒரு நேர்மை உண்டு. நீ சிரித்துக்கொண்டே, "அது எங்க வூட்டு வெஷயம். நான் வூட்ல பேசிக்கறேன். அடுத்தது போலாம்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு நடுத்தெருவில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து உங்கள் வீட்டில் ஆம்பிளை இல்லையா என்று கேட்டார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் நாலு பேர் முன்னால் கேட்ட கேள்வியை நீ வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாய். கடைசி வரிசைக்குப் பின்னால், வாடகைக்குக் குடியிருக்கிற பிள்ளைகள் சிலர் வாசலோரம் நின்றிருந்தார்கள். தூத்துக்குடிக்காரன் ஒருவன் மட்டும், "அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார்" என்றான். அவனுக்கு இங்கே ஓட்டு இல்லை. அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. ஆனால் என் வயதில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். யாரும் யாரிடமும் உனக்கு உரிமை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. உனக்கென்று வேறு இடம் இருக்கிறது என்பார்கள். கொஞ்சம் பொறு என்பார்கள். இது வீட்டு விஷயம் என்பார்கள். இதையெல்லாம் நாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஜனங்கள். கேட்டவர்களின் வீட்டிலேயே அதைச் சொல்கிற ஒருவன் பிறப்பான் என்று நான் நினைக்கவில்லை. உன்னைப் பெரிய தெருக்காரர்கள் ஏமாற்றவில்லை மகனே. அவர்கள் முன்னால் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்கிறார்கள், சற்றுத் தள்ளி உனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏமாந்தது நான். இன்னொருத்தனை வெளியே நிறுத்துவதற்குக் கூலியாகக் கிடைக்கிற சமத்துவம் எத்தனை நாளைக்கு? அவர்களுக்கு உன் தயவு தேவைப்படாத நாள் வந்தால் நாற்காலியை எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு உனக்காக நிற்க யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பார். சுக்ரா வருவானா? வந்தால் அது அவனுடைய பெரிய மனசு.

போன வாரம் உன் மனைவியை அனுப்பியிருந்தாய். தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறாயாம். பெரிய தெருவின் ஆதரவும் உனக்குத்தானாம். முதல் கூட்டத்தில் நான் மேடையேறி, கன்னியம்மாவைத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொல்ல வேண்டுமாம். அந்தப் பெண் சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க வரமாட்டீங்கன்னு அவருக்குத் தெரியும் அத்த. இருந்தாலும் கேக்கச் சொன்னாரு" என்றாள். அவளிடம் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பாவம், நடுவில் நிற்கிறவள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மேடைக்கு நான் வரமாட்டேன். அந்தக் கதையை நீ இனிமேல் சொல்லவும் வேண்டாம். அது வழி கேட்டவர்களின் கதை. பூட்டு போடுகிறவன் வாயில் அது நிற்காது. தேர்தலுக்கு முன்னால் அந்தத் தீர்மானத்தை நீயே கொண்டுவந்து, இங்கே வாழ்கிறவர் யாராக இருந்தாலும் இங்கே மண் உண்டு என்று எழுதவைத்தால், முதல் ஆளாக வந்து உன் பக்கத்தில் நிற்பேன். பெரிய தெருக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். நீ தோற்றும் போகலாம். தோற்ற பிள்ளையோடு வாழ எனக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை.

அப்படிச் செய்யாவிட்டால், ஓட்டுப் போடுகிற அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு வருவேன், வரிசையில் நிற்பேன், உனக்குப் போடமாட்டேன். ஊர் முழுக்க உனக்குப் போட்டாலும் பெற்றவள் போடவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரகசியமாகக் குத்திவிட்டு வந்து உன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க என்னால் ஆகாது, அதனால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அலைச்சலில் நீ சாப்பிடாமல் சுற்றுவாய். மத்தியானம் இந்த அறைக்கு வா. கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பேன். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ. ஓட்டைப் பற்றி மட்டும் கேட்காதே.

உன்னைப் பெற்றவள்